ஓர் ஆள் அளவுக்கு ஒரு பெல்ட்

என் காரின் முன்சீட்டு, இப்போது வருகிற கார்களில் இருப்பதுபோல் ஆளுக்கொன்றாகப் பிரிந்ததல்ல. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பெஞ்சு. கியர் கம்பு ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே இருப்பதால் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. பச்சை ரெக்சின் போட்ட சீட்டு. வெயிலில் சுடும், மழையில் சில்லென்று இருக்கும், எல்லா நாளிலும் வழுக்கும்.

அது ஒரு பழைய அம்பாசடர். எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்த டாக்டர், வயதாகி மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்தபோது என்னைக் கூப்பிட்டு, "இங்கே கிடந்தா துருப்பிடிச்சுப் போகும், உன் கையில இருந்தா ஓடும்" என்று சாவியைக் கொடுத்தார். நான் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். அவருடைய காரை அவ்வப்போது கழுவிக் கொடுத்ததும், டயர் மாற்றிக் கொடுத்ததும்தான் எனக்கும் அவருக்கும் இருந்த பழக்கம். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவருடைய பெட்டிகளைத் தூக்கி டாக்சியில் ஏற்றினேன். டாக்சி கிளம்பும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்.

எனக்குப் பேச்சு குறைவு. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர 'ஆஜர்' என்று சொல்ல மாட்டேன். வாத்தியார் தலையைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். கல்யாணம் ஆகவில்லை. அதற்கென்று ஒரு காரணமும் இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் பேசாமலே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா இருந்த வரையில் யாராவது தேடினார்கள். அம்மா போனபிறகு தேட ஆளில்லை.

வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறினால் எங்கள் டிவிஷன். நான் இருக்கிற லயத்தில், அந்த வரிசை வீடுகளில், முன்பு எல்லாம் நம் தமிழ் ஆட்கள். இப்போது பாதிப்பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீடுகளில் வடக்கேயிருந்து வந்த பையன்களும் குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் மொழி இல்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை என் வீட்டுக்கு வரும். என் வீட்டு வாசனை அவர்களுக்குப் போகிறதா என்று தெரியாது. நான் பெரும்பாலும் கஞ்சிதான் வைப்பேன்.

காரை எடுக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. டவுனில் இருக்கிற எங்கள் சபைக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போகிறவர்களை வழியில் ஏற்றிக்கொள்வேன். வாடகை கிடையாது. யாராவது பெட்ரோலுக்கு என்று நீட்டினால் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். நாளாக நாளாக யார் எங்கே உட்காருவது என்பது தானாகவே அமைந்துவிட்டது. பின்சீட்டில் ஒரு பெரியம்மா, தன் இரண்டு மருமகள்களோடு. இடமிருந்தால் இன்னொருவர். முன்சீட்டில், என் பக்கத்தில், கீழ் லயத்தில் இருக்கிற ஓர் அம்மா.

அவர் கொழுந்து கிள்ளுகிறவர். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறையலாம். வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகளைக் கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் முன்னால் உட்காருவதற்குக் காரணம் இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்தால் இரண்டாவது வளைவிலேயே தலைசுற்றி வாந்தி வந்துவிடும். ஆள் ஏற்றுகிற வாடகை ஜீப்பில் போனாலும் அதேதான். என் வண்டியில் முன்னால் உட்கார்ந்து, ஓர் எலுமிச்சை இலையைக் கசக்கி மூக்கருகில் வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்றும் செய்யாது. கோயில் வந்ததும் அந்த இலையை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு இறங்குவார். அடுத்த ஞாயிறு புது இலை வரும்வரை அது அங்கேயே காய்ந்து கிடக்கும். நான் எடுத்துப் போடுவதில்லை.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சேர்த்தால் கொஞ்சம்தான். "செடிக்குக் கவாத்து இந்த வருஷம் பிந்திப்போச்சு" என்பார். "ஆமா" என்பேன். "ஏழாம் நம்பர் காட்டுல அட்டை ஜாஸ்தி" என்பார். "மழைல்ல" என்பேன். அவர் எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். அண்ணன், தம்பி, மதினி, சித்தி. என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் "இங்க பாருங்க" என்பார். அதை நான் கவனித்திருந்தேன். கவனித்ததை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருந்தது. சீட்டு வழுக்குமென்று சொன்னேன் அல்லவா? இடதுபக்க வளைவு வரும்போதெல்லாம் அவர் கதவோரத்திலிருந்து என் பக்கம் ஒரு சாண் வழுக்கி வருவார். வலதுபக்க வளைவில் திரும்பக் கதவோரம் போய்விடுவார். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, எத்தனை மெதுவாகத் திருப்பினாலும் நடக்கும். அவர் கையால் முன்பலகையைப் பிடித்துக்கொள்வார். நான் இடது முழங்கையை விலாவோடு ஒடுக்கி இடம் விடுவேன். புடவை ஓரம் என் சட்டையில் பட்டும் படாமலும் போகும். அவ்வளவுதான். அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் லாரி ஓட்டினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பிறகு கேமரா வந்தது.

எங்கள் எஸ்டேட் பாதை மெயின் ரோட்டில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, உயரமான கம்பத்தில் வைத்தார்கள். டிரைவரும் பக்கத்தில் இருப்பவரும் பெல்ட் போடாவிட்டால் படம் பிடித்து அபராதச் சீட்டைப் போனுக்கே அனுப்பிவிடுமாம். டவுனில் எல்லோருக்கும் அதே பேச்சு. லாரியில் நானும் பெல்ட் போட ஆரம்பித்தேன். ஆனால் அம்பாசடரில் பெல்ட்டே கிடையாது. அது வந்த காலத்தில் கார்களில் அப்படி ஒன்று இல்லை. மாட்டுவதற்கு ஓட்டைகூட இல்லை.

முதல் ஞாயிறே பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். குரல் பெரிது, கட்டையும் பெரிது, வாய் அதைவிடப் பெரிது.

"ஏல டிரைவரே, கேமரா ஒன் மூஞ்சியப் பிடிச்சா அது கெட்டுப்போகும்லே. அதுக்குப் பைன் நீதான் கட்டணும்."

"அத்தே, சும்மா வாங்க" என்றாள் ஒரு மருமகள்.

"நான் என்ன சொல்லிட்டேன்? முன்னால இருக்கவளச் சொல்லுதேன். ஏட்டி, நீயும் பின்னால வந்திரு. வாந்தி எடுத்தா என் மடியில எடு."

"உங்க மடிக்கு ஒரு சாக்கு கொண்டு வரணும்" என்றார் முன்சீட்டு அம்மா, திரும்பாமலே. பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல்.

அடுத்த ஞாயிறு அவர் கையில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. கொழுந்துச் சாக்கைத் தோளில் மாட்டுவதற்குப் பெண்கள் வைத்திருக்கிற நைலான் பட்டை. நன்றாகத் துவைத்திருந்தார். உட்கார்ந்ததும் அதை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காகப் போட்டு, ஒரு நுனியை முதுகுக்குப் பின்னால் செருகி, இன்னொரு நுனியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இங்க பாருங்க, பெல்ட் மாதிரி இருக்கா?"

நான் பார்த்தேன். "இருக்கு."

"கேமராவுக்கு இது போதும். மேல இருந்து பார்க்குறதுக்கு எல்லாம் கறுப்புப் பட்டைதான்."

"எனக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்ல" என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் கேட்காமலே அவர் எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். சீட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் கொழுந்துப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு கேமராவுக்குக் கீழே போனோம். கம்பம் வரும்போது அவர் முதுகை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்காருவதுபோல் உட்காருவார். தாண்டியதும் மூச்சை விடுவார். அந்த மழைக்காலத்தில் பல வாரம் அப்படித்தான் போனோம். எனக்கு அந்தக் கேமராவின்மேல் கோபமே இல்லை.

ஆடி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு. ஆராதனைக்கு மலை இறங்கிக்கொண்டிருந்தோம். பெரிய பாறை இருக்கிற வளைவில் ஒரு ஜீப் எங்கள் பக்கமே ஏறி வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. அவர் போட்டிருந்த பட்டை எதிலும் மாட்டியதல்ல, சும்மா கிடப்பதுதானே. அவர் முன்கண்ணாடியை நோக்கி அப்படியே போனார். என் இடது கை கியரிலிருந்து தானாக எழுந்து அவர் குறுக்கே போய்த் தடுத்துப் பிடித்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. அவர் மடியிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. பின்னால் மருமகள் ஒருத்தி "இயேசுவே" என்றாள். ஜீப்காரன் கையைக் காட்டிவிட்டு விலகிப் போனான்.

அப்புறமும் என் கை அங்கேயே இருந்தது. அவருடைய கழுத்தெலும்புக்குக் கீழே, கொழுந்துப் பட்டையின் மேல். எடுக்க வேண்டுமென்று தெரிந்து எடுப்பதற்குள் பெரியம்மா சொல்லிவிட்டார்.

"ஆத்தாடி! டிரைவருக்கு வாய்தான் கிடையாது, கை இருக்குடி."

பயம் போன வேகத்தில் எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்து, புடவையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். எலுமிச்சை இலையைக்கூடத் தேடவில்லை. நான் காதெல்லாம் சூடாகி, முதல் கியரிலேயே வெகுதூரம் போய்க்கொண்டிருந்தேன். என்ஜின் கத்துவதுகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கீழ் லயத்து முனையில் அவர் நிற்கவில்லை. முன்னாலேயே ஜீப்பில் போய்விட்டார் என்றார்கள். கோயிலுக்குப் போனபோது, பக்கவாட்டில் இருக்கிற குழாயடியில் அவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வாரா வாரம் அவர் ஜீப்பில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். நான் முன்சீட்டு காலியாக வந்தேன். பெரியம்மா வீட்டு மருமகள்களை முன்னால் உட்காரச் சொன்னால், "கேமரா இருக்குண்ணே" என்று பின்னாலேயே நெருக்கிக்கொண்டார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த இலை பொடிந்து தூளாகிவிட்டது.

அவரை மறுபடி அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். என் வாழ்க்கையில் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் முன்பு நினைத்ததில்லை. அதனால் எப்படிச் செய்வது என்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் டயருக்குக் காற்றடிக்க டவுனுக்குப் போயிருந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் வாகன ஆபீசர் செக்கிங் நடத்திக்கொண்டிருந்தார். என்னையும் ஓரம் கட்டச் சொன்னார். கொழுந்துப் பட்டையைக் குறுக்கே போட்டிருந்தேன். அவர் கிட்டே வந்து அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். தூக்கியதும் அது அவர் கையோடு போய்விட்டது.

"இது எந்தா சேட்டா? பூணூலோ?"

அவர் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானட்டைத் தடவினார். பிறகு பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னார்.

"பெல்ட் வருந்நதுக்கு முன்னே இறங்கிய வண்டியல்லே? கம்பெனி பெல்ட் வெச்சிட்டில்ல. அப்போ இதுக்கு பைன் இல்ல. உனக்கும் இல்ல, பக்கத்துல இருக்கிற ஆளுக்கும் இல்ல. இந்த வேஷம் ஒண்ணும் வேண்டா."

"கேமரா?"

"கேமரா எடுத்தாலும் ஆபீசில வந்து புக்கைக் காணிச்சா தள்ளிரும். தைரியமா போ."

வீடு வந்துசேரும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'இந்த வண்டிக்குப் பைன் இல்லையாம், நீங்க முன்னால உட்காரலாம்.' லாரி ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவர் நின்றார், ஆனால் சுற்றிலும் பெண்கள். ஞாயிறு வரை பொறுத்திருந்து, ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது குழாயடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் டம்ளர் கழுவ வந்தார்.

"பைன் இல்லையாம்" என்றேன். மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது.

"எதுக்கு?"

"வண்டிக்கு. முன்சீட்டுக்கு. ஆபீசரே சொல்லிட்டார்."

அவர் டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார். "பைனுக்குப் பயந்துக்கிட்டா நான் ஏறாம இருக்கேன்?"

அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தையோடு மறுபடி ஒரு வாரம். பைனுக்குப் பயம் இல்லை என்றால் வேறு என்ன? என் கைதான். இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண்ணின்மேல் கை வைத்துவிட்டேன். மறுபடி ஒரு ஜீப் வந்தால் மறுபடி வைப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பிரேக் அடித்தால் அந்தக் கை என்னைக் கேட்டுக்கொண்டு எழுவதில்லை. அப்படியென்றால் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் செய்ய வேண்டும். சட்டம் வேண்டாம் என்று சொன்ன பெல்ட்டை நான் மாட்டுவதென்று முடிவுசெய்தது இப்படித்தான்.

டவுனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருக்கிறான். கம்பத்துக்காரன். வேலை சுத்தம், ஆனால் ஸ்பேனரும் வாயும் சேர்ந்தே ஓடும்.

"அண்ணாச்சி, பெல்ட் வேண்டாம்னு ஆபீசரே சொல்லிட்டாருங்கிறீக. பின்ன எதுக்கு நல்ல தூண்ல ஓட்டை போடச் சொல்லுதீக? பழைய வண்டி வச்சிருக்கவன் எவனும் பார்த்தா அழுதுருவான்."

"போடு."

"யாருக்கு?"

"உட்கார்றவங்களுக்கு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். உடைத்துப் போட்ட வேன் ஒன்றிலிருந்து கழற்றிய பெல்ட்டுகள் அவனிடம் இருந்தன. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற மாதிரி அல்ல. அளவு வைத்து நிறுத்திவிடுகிற பழைய மாதிரி. கதவுத் தூணில் ஓட்டை போட்டு உள்ளே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தான். தரையிலும் அப்படியே. எல்லாம் முடிந்து கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆள் எத்தனை தண்டி?"

"என்னது?"

"அளவு வேணும்ல அண்ணாச்சி. இது ஒரே அளவுல நிக்கிற பெல்ட்டு. குண்டா, ஒல்லியா? உசரமா, குட்டையா?"

சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். சீட்டில் எதுவரை முதுகு வரும், தோள் எங்கே நிற்கும், இடுப்பு எதுவரை என்று வெறும் காற்றில் கையால் காட்டினேன். காட்டக் காட்டத்தான் எனக்கே தெரிந்தது, எல்லாம் துல்லியமாக என்னிடம் இருக்கிறது என்று. மெக்கானிக் அப்போது மட்டும் கேலி செய்யவில்லை. சொன்ன அளவில் நிறுத்தினான். மிச்ச வால் கதவில் மாட்டிக்கொள்ளுமென்று அதை வெட்டிவிட்டு, மடித்துத் தைத்தும் விட்டான்.

"உங்க பக்கம்?" என்றான்.

அதுவரை என் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. "இருக்கட்டும்" என்றேன்.

ஞாயிறு காலையில் பெரியம்மா ஏற வந்தவர் முன்கதவு வழியே எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏல, பெல்ட்டு மாட்டிட்டியா! நகரு, நான் உட்காருதேன். ஒருநாளாச்சும் துரைசாணி மாதிரி போறேன்." உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து, வயிற்றை உள்ளே இழுத்து, மறுபடி பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கிளிப் ஒரு முழம் தள்ளியே நின்றது. "இது எந்தக் கொக்குக்கு அளவெடுத்தது?" மருமகள்கள் பார்த்தார்கள். ஒருத்தி கொஞ்சம் பூசினாற்போல், இன்னொருத்தி குட்டை. யாருக்கும் சேராது என்று பார்த்தவுடனே தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. நான் டயரைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கீழ் லயத்து முனையில் அவர் ஜீப்புக்காக நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தியதோடு என் தைரியம் தீர்ந்தது. பெரியம்மாதான் பின்னாலிருந்து கத்தினார்.

"ஏட்டி, வந்து ஏறு. இந்தப் பய ஒன் அளவுக்கு வார் தைச்சு மாட்டியிருக்கான். வேற எவளுக்கும் பத்தாது. நீ ஏறலேன்னா கழுதைக்குத்தான் கட்டணும்."

அவர் அசையவில்லை. பெல்ட்டைப் பார்த்தார், தூணில் புதிதாகப் பற்றவைத்த இடத்தைப் பார்த்தார், என் பக்கம் பார்த்தார். அங்கே பெல்ட் இல்லை என்பதையும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எப்படி மாட்டுவது என்று நான் காற்றில் கையால் காட்டினேன், தொடாமல். கிளிப் விழுந்த சத்தம் கேட்டது. தோளிலும் இடுப்பிலும் ஒரு விரல்கூட மிச்சமில்லாமல் சேர்ந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே அவர் வந்தார். பின்னால் பெரியம்மா யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ ஆரம்பித்து, மருமகள்களோடு வாக்குவாதத்தில் இருந்தார். அந்தச் சத்தத்துக்கு அடியில், ரோட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"இங்க பாருங்க. அன்னைக்கு நீங்க ஸ்டீயரிங்க விட்டுட்டீங்க."

"என்ன?"

"ஒரு கை எம்மேல. இன்னொரு கை மட்டுந்தான் ஸ்டீயரிங்ல. கண்ணு ரோட்டுல இல்ல, என்னையப் பார்த்துச்சு. பின்னால நாலு பேரு இருக்காங்க. அந்தப் பக்கம் பள்ளம்." இலையை மறுபடி முகர்ந்தார். "நான் உட்கார்ந்தா நீங்க மறுபடியும் அப்படித்தான் செய்வீங்க. அதான் ஏறல. வேற ஒண்ணும் இல்ல."

இத்தனை வாரமாக என் கையை நினைத்து நான் குன்றிக்கொண்டிருந்தேன். அவர் நினைத்ததோ ஸ்டீயரிங்கில் இருந்திருக்க வேண்டிய கையை. 'வேற ஒண்ணும் இல்ல' என்றதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அதில் ஆறுதலும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது.

"இப்ப ரெண்டு கையும் அதுலயே இருக்கட்டும்" என்றார்.

"சரி" என்றேன்.

பெரிய பாறை வளைவு வந்தது. இடதுபக்க வளைவு. வழக்கம்போல் மெதுவாகத் திருப்பினேன். என் இடது முழங்கை தானாக விலாவோடு ஒடுங்கி இடம் விட்டது. யாரும் வரவில்லை. திரும்பிப் பார்க்காமலே எனக்குப் புரிந்தது. பெல்ட் அவரைக் கதவோரத்திலேயே பிடித்து வைத்திருந்தது. அவர் முன்பலகையைக்கூடப் பிடிக்கவில்லை, கைகள் மடியில் பாட்டுப் புத்தகத்தின்மேல் இருந்தன. பெஞ்சின் நடுவில் பச்சை ரெக்சின் வெறுமையாகப் பளபளத்தது. அந்தச் சாண் நீளத்தை அளவெடுத்து, வெட்டி, தைத்து எடுத்தது நான்தான்.

வலதுபக்க வளைவு வந்தது. முழங்கையைத் திரும்ப விட்டேன். அடுத்த இடதுபக்க வளைவில் அது மறுபடி ஒடுங்கியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் வருகிறார். வாந்தி இல்லை. கேமராவுக்குக் கீழே போகும்போது நிமிர்ந்து உட்காருகிற பழக்கம் மட்டும் போகவில்லை. "ஒங்களுக்கும் ஒண்ணு மாட்டுங்க" என்று ஒருமுறை சொன்னார். மாட்ட வேண்டும். மெக்கானிக்கிடம் இன்னொரு பெல்ட் இருக்கிறது. என் அளவுக்குக் காற்றில் கைகாட்ட யாரும் வேண்டியதில்லை, நானே போய் உட்கார்ந்தால் போதும். போகாமல் இருக்கிறேன்.

வாரநாளில் எப்போதாவது நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு இறங்கினால், அந்தப் பக்கத்துப் பெல்ட்டின் கிளிப் வளைவுக்கு வளைவு கதவில் போய் முட்டிக்கொண்டே வரும். டக், டக் என்று. யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். முதலில் சில தரம் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் வண்டியை ஓரம் கட்டி, சீட்டில் நகர்ந்து போய், ஆளில்லாத இடத்தின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். அளவு குறையாமல் அப்படியே நின்றது. திரும்ப என் இடத்துக்கு வந்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து வண்டியை எடுத்தேன்.